கள்ளிவலசில் புகைந்த வாய்கள்

கள்ளிவலசு ஊரில் நூற்றுப் பதினேழு பேரின் வாயிலிருந்து ஒரே நேரத்தில் சாம்பிராணிப் புகை கிளம்பிய செவ்வாய்க்கிழமை காலையில், அதற்கெல்லாம் காரணமான கிட்டுசாமிக்கு யார் வாயைப் பற்றியும் எந்த நினைப்பும் இல்லை; அவர் கவலை முழுக்கத் தன் காரின் டாஷ்போர்டில் பத்து நாளாக அணையாமல் எரிந்துகொண்டிருந்த மஞ்சள் விளக்கின் மேலேயே இருந்தது.

வெள்ளைக் கார். இருபத்திரண்டு வயசு. ஊரில் அதற்குப் பிறகு எத்தனையோ கார்கள் வந்து வீட்டு வாசல்களில் துணி போர்த்திக்கொண்டு நின்றாலும், வாடகைக்கென்று கூப்பிட்டால் வருவது இது ஒன்றுதான். பிரசவ வலி கண்டவளும், பெண் பார்க்கக் கிளம்பிய பதினொரு பேரும், கோர்ட்டில் வாய்தா இருந்தவனும், கண்ணில் பஞ்சு ஒட்டப் போனவரும், பரீட்சைக்குப் பிந்திவிட்ட பிள்ளையும் அதே பின்சீட்டில் உட்கார்ந்துதான் போனார்கள், போகிற எல்லோரும் ஊர் எல்லையில் ஒரு காரியத்தைத் தவறாமல் செய்தார்கள்: சுடுகாட்டுத் திருப்பம் வந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். செத்தவர்களின் காற்று உள்ளே போய்விடக் கூடாதாம். "அடக்கு, அடக்கு, மூக்கைப் பிடிடா கழுதை!" என்று ஒருத்தர் கத்த, கன்னம் உப்பி, கண் பிதுங்கி, பிரசவ வலிக்காரிகூட அலறலைப் பாதியில் நிறுத்திவைத்து, ஓடைப் பாலம் தாண்டிய நொடியில் அத்தனை பேரும் "ப்ப்ப்ஹா!" என்று காருக்குள்ளேயே மொத்தமாக விடுவார்கள். கிட்டுசாமியும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அடக்கி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே விடுவார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கார் பெட்ரோலைவிட அதிகமாகப் பார்த்தது இந்த மூச்சைத்தான்.

மேட்டில் ஏறும்போது வண்டி இருமியது. நின்றால் உதறியது. மயில் ஆட்டோ ஒர்க்ஸில் கொண்டுவந்து விட்டார். அதை நடத்துகிற மயிலாத்தாள் ஐ.டி.ஐ. படித்துவிட்டுக் கோயமுத்தூரில் பதினைந்து வருஷம் கார்களின் வயிற்றுக்கடியில் படுத்துக் கிடந்தவள். வார்த்தையைக்கூட ஸ்பேனர் கொண்டு முறுக்கித்தான் வெளியே விடுவாள். ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தாள்.

"பி சைபர் ஒன் செவன் ஒன்," என்றாள்.

"அது என்னங்கக்கா, ஆஸ்பத்திரி டோக்கனாட்டம்?"

"காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. பாலக் காட்டிட்டுத் தண்ணிய ஊத்துன டீயாட்டம் ஓடுது உன்ற வண்டி."

"நா ஒண்ணும் ஊத்துலீங்க்கா!"

"ஊத்துனேன்னு ஆரு சொன்னா? எஞ்சினுக்குள்ள எவ்வளவு காத்துப் போகுதுன்னு எண்ணுறதுக்கு முன்வாசல்ல ஒரு சென்சார் நிக்குது. அதுக்குத் தெரியாம எவனோ பொறவாசல்ல பூந்து வாறான். அவன் எங்க பூருறான்னு கண்டுபுடிக்கோணும்."

முன்வாசல் சென்சாரைக் கழற்றி ஸ்ப்ரே அடித்துக் கழுவினாள், விளக்கு எரிந்தது. பெட்ரோல் ஃபில்டரை மாற்றினாள், எரிந்தது. பம்பின் அழுத்தத்தை அளந்தாள், குறையேயில்லை. பிளக்குகளைக் கழற்றினாள், நாலும் திருநீறு பூசியதுபோல வெளுத்துக் கிடந்தன. ஒவ்வொரு ரப்பர் ஹோஸாகக் காதை வைத்துக் கேட்டாள், குழந்தைக்குச் சளி பார்க்கிற டாக்டர்போல. எதுவும் மூச்சுவிடவில்லை. கடைசியில், "பொகை போட்டுப் பாத்துரலாம்," என்றாள். உள்ளே புகையைச் செலுத்தினால் ஓட்டை எங்கேயோ அங்கே அது எட்டிப் பார்க்கும். சில மெக்கானிக்குகள் சிகரெட்டை வலித்து ஊதுவார்கள். மயிலாத்தாளுக்கு அந்த நாற்றம் ஆகாது. பழைய ஆயில் டின்னில் தணலைப் போட்டு, அதில் சாம்பிராணியைத் தூவி, சைக்கிள் பம்பை மாட்டி, எஞ்சினுக்குள் நாலு அழுத்து அழுத்தினாள்.

எஞ்சினில் எந்த மூலையிலும் புகை வரவில்லை. "என்னங்கக்கா?" என்று கேட்கக் கிட்டுசாமி வாயைத் திறந்தார். அவர் வாயிலிருந்து வந்தது.

பக்கத்துக் கடை டெய்லர் ஆறுச்சாமி பல்லில் நூலைக் கடித்தபடி ஓடிவந்து, "க்கா, எ வா, எ வா..." என்று உளறினான். நூலைச் சுற்றிப் புகை. டீக்கடையில் மாஸ்டர் "சர்க்கரை கம்மியா ஒண்ணேய்" என்று கூவிய கூவலோடு புகை. பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைக்கு நடுவில் தலைமையாசிரியை வாயில். கோயிலில் தீபாராதனை காட்டிய அய்யர் வாயில், அதைப் பார்த்துச் சாமியே வந்துவிட்டதென்று விழுந்து கும்பிட்டவர்களில் ஒன்பது பேர் வாயில். பெண் பார்க்க வந்த இடத்தில் "உங்களுக்குச் சமைக்கத் தெரியுங்களா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டபோது, "தெரியுங்" என்ற அந்தப் பெண்ணின் வாயில் குபுகுபுவென்று. பஞ்சாயத்துத் தலைவர் சென்னியப்பன் மட்டும், "அந்த டப்பா வண்டியில நா கால் வெச்சதே இல்லியே!" என்று நெஞ்சில் அடித்துச் சத்தியம் செய்தார், சத்தியம் முழுவதும் புகை. அவர் சம்சாரம் பூங்கோதை இடுப்பில் கை வைத்து, "எப்பங்க ஏறுனீங்க? எங்க போனீங்க? கூட ஆருங்க?" என்று மூன்று கேள்வி கேட்டாள். மூன்றுக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் வருமே.

பதினொரு மணிக்குள் வெளியூர்களிலிருந்து போன்கள். மஸ்கட்டில் கிரேன் ஓட்டும் கந்தவேலு, "அம்மா, நா மேல நூறடி ஒசரத்துல இருக்கேன், வாயில பொகைம்மா!" என்று அழுதான். பெங்களூரில் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்த பொன்னரசியால் அந்த மாடி முழுக்கத் தீ மணி அடித்து, எழுநூறு பேர் படியிறங்கி ரோட்டில் நின்றார்கள். எல்லோரும் ஒரு காலத்தில் அந்தப் பின்சீட்டில் உட்கார்ந்து "ப்ப்ப்ஹா!" என்று மூச்சு விட்டவர்கள். காரில் ஏறாத மயிலாத்தாளின் வாய் சுத்தமாக இருந்தது.

பெங்களூர்ச் செய்தியைக் கேட்டதும் கிட்டுசாமி மயிலாத்தாள் பக்கம் திரும்பினார்.

"அக்கா," என்றார், "செத்தவங்க வாயிலயும் வருமுங்களா?"

"செத்தவன் எங்கடா மூச்சு விடுறான்?"

கிட்டுசாமி டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். மேகலா. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் காலேஜ் பரீட்சைக்கென்று அவர்தான் இந்தக் காரில் கூட்டிப்போய் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார். திருப்பத்தில் மூச்சை அடக்கினாள், பாலத்தில் விட்டாள், சிரித்தாள், இறங்கிப் போனாள், வேற்றுச் சாதிப் பையனோடு போனவள் போனவள்தான். அப்பா "செத்துட்டா" என்றார். ஊர் அதை ஏற்றுக்கொண்டது. அவளுடைய துணிமணியை மூட்டை கட்டி, பாடையில் வைத்து, அதே திருப்பத்தில் கொள்ளி போட்டு, கிட்டுசாமிதான் தலை மழித்துக் குடம் உடைத்தார். பந்தியில் வடை பாயசத்தோடு ஊரே உட்கார்ந்து சாப்பிட்டது. அதற்கப்புறம் அந்தப் பெயரை யாரும் வாயில் எடுக்கவில்லை, அப்பா சாகிறபோதுகூட. ஆறு மாசம் கழித்து ஒரு லாரி டிரைவர், வாய்க்காலில் பச்சைச் சுடிதாரோடு ஒரு பெண் மிதந்ததாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். மேகலாவுக்குப் பச்சைதான் பிடிக்கும். கிட்டுசாமி போய்ப் பார்க்கவில்லை. நாம்தான் எரித்துவிட்டோமே, எந்த மூஞ்சியோடு போய் அடையாளம் காட்டுவது? போகாததால் ஒன்பது வருஷமாக அவள் அவருக்குள் செத்தவளுமில்லாமல் உயிரோடிருப்பவளுமில்லாமல் நடுவில் நின்றாள்.

இப்போது அவள் எங்கேயாவது உயிரோடிருந்தால், அவள் வாயிலும் வந்திருக்கும்.

சாயங்காலமே மயிலாத்தாள் நோயைக் கண்டுபிடித்தாள். கிட்டுசாமியை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னாள். பெடலுக்குப் பின்னாலிருந்து "ஸ்ஸ்ஸ்" என்று, காரத்தைக் கடித்த வாய்போல ஒரு சத்தம்.

"பூஸ்டர் போச்சு," என்றாள். "பிரேக்கை லேசாக்குறதுக்கு ஒரு டப்பா இருக்கும், உள்ள ரப்பர் சவ்வு. அது கிழிஞ்சு கெடக்குது. எஞ்சின் அது வழியா வண்டிக்குள்ள இருக்குற காத்தைக் குடிக்குது. அதாவது, உக்காந்தவங்க விட்ட மூச்சை. நாளைக்குக் கோயமுத்தூர் உக்கடத்துலருந்து வேற பூஸ்டர் வந்துரும். மாத்துனா வெளக்கும் அணையும், பொகையும் நிக்கும்."

"மாத்தாதீங்க்கா."

"பிரேக்கு கல்லாட்டம் இருக்குது. இத ஓட்டுனீன்னா செவுத்துலதான் நிப்ப."

"ஓட்டுலீங்க. இங்கயே நிக்கட்டும். நீங்க பொகை மட்டும் போடுங்க." அப்புறம் அந்தப் பெயரை, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, காற்றுக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

மயிலாத்தாள் வெகுநேரம் கையைத் துடைத்தாள். "ஞாயித்துக்கெழமை வரைக்கும்," என்றாள். "பத்து மணிக்கு ஒருக்கா, நாலு மணிக்கு ஒருக்கா. நேரம் தவறாம போடுறேன். சனங்க பாவம், எப்ப வரும்னு தெரிஞ்சா வாயை மூடிக்குவாங்க."

செவ்வாய்க்கிழமை அலறிய ஊர் புதன்கிழமை சபித்தது, வியாழக்கிழமை பழகிக்கொண்டது. பத்து மணிக்கும் நாலு மணிக்கும் தலைக்குக் குளித்த பெண்கள் புருஷன்மாரை எதிரில் உட்காரவைத்து, "சித்த நேரம் ஊதுங்க, அசையாதீங்க" என்று கூந்தலைக் காயவைத்தார்கள். பிறந்து பன்னிரண்டு நாளான குழந்தையை அதன் தாய்மாமன் வாய்க்கு நேரே பிடித்துக் காட்டினார்கள். நாலு மணி பஸ்ஸில் கண்டக்டர், "பொகை விடுறவங்க ஜன்னலோரமா, பொகை விடுறவங்க ஜன்னலோரமா!" என்றார். கொசு ஒழிந்தது. அய்யர் தூபக்காலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். பெண் பார்க்கிற நேரத்தை எல்லோரும் பதினொன்றரைக்கு மாற்றிக்கொண்டார்கள். சுகாதார ஆய்வாளர் வந்து நாற்பது பேரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து, படிவத்தில் நோய் என்ற இடத்தில் கோடு போட்டு, மருந்து என்ற இடத்தில் 'சாம்பிராணி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். புகை வராதவர்களுக்குத்தான் பெரிய மானக்கேடாகிவிட்டது, "எங்களையும் ஒரு ரவுண்டு ஏத்திட்டுப் போயிருக்கலாமல்லோ கிட்டு?" என்று ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து கோபித்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை டி.வி.க்காரன் வந்தான். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இதோ, நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது, அந்த, மர்மக் கார்!" என்று வார்த்தைக்கு வார்த்தை முட்டுப்போட்டு, காரை நாலு பக்கமும் சுற்றிக் காட்டினான்.

கிட்டுசாமி இதெதையும் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு புகைக்குப் பிறகும் போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துபாய் கூப்பிட்டது, சேலம் கூப்பிட்டது, திருட்டு வழக்கில் தலைமறைவாக இருந்தவன்கூட எங்கிருந்தோ கூப்பிட்டுத் திட்டினான். அவள் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமையே சோறு இறங்காமல் போயிற்று. கூப்பிடாத ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பச்சைச் சுடிதார் வாய்க்காலில் இன்னும் கொஞ்சம் மேலே மிதந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்குத் தலைவர் சென்னியப்பன் நாற்பது பேரோடு வந்தார். ஆறு நாளாக அவர் வீட்டில் அவருக்குச் சோறு போடுவாரில்லை.

"மயிலாத்தா, அந்த பூஸ்டர் டப்பாவ மாத்து. இல்லீன்னா நானே வண்டியக் கொளுத்திப்போடுவேன். ஊருன்னா ஒரு ஒழுங்கு வேணாமா? ஆரு ஆரு எங்கெங்க போனாங்கன்னு நாடே பாக்குது!"

"நாலு மணிப் பொகை ஒண்ணு பாக்கியிருக்குதுங்க தலைவரே," என்றார் கிட்டுசாமி.

"எதுக்குடா? ஆருக்கு இந்தப் பொகை?"

கிட்டுசாமி எழுந்தார். "மேகலாவுக்கு," என்றார். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது.

வாயில் புகை வந்தபோது அலறிய ஊர், கண்ணெதிரே நூறு பேர் புகைந்தபோது கூந்தல் காயவைத்த ஊர், அந்த மூன்றெழுத்தைக் கேட்டதும் ஓரடி பின்னால் நகர்ந்தது. டெய்லர் ஆறுச்சாமி தரையைப் பார்த்தான். தலைமையாசிரியை வாயைப் பொத்திக்கொண்டாள், நாலு மணி ஆகாமலேயே.

"கெரகம் புடிச்சவனே," என்றார் தலைவர். "செத்தவளுக்கு எதுக்குடா சாம்பிராணி?"

"செத்தாளான்னு பாக்கத்தாங்க."

"நீதானடா குடம் ஒடச்சே!"

"நாந்தானுங்க ஒடச்சேன். நீங்க மூணு வடை தின்னீங்க."

"நாலு," என்றாள் பூங்கோதை கூட்டத்துக்குள்ளிருந்து.

மயிலாத்தாள் யாரையும் பார்க்காமல் டின்னில் தணலைப் போட்டு, மிச்சமிருந்த சாம்பிராணி முழுவதையும் கொட்டி, பம்பை அழுத்தினாள். நாலு. நாற்பது வாய்களும் மூடியபடியே இருந்தன. மூக்கு வழியே கசிந்தது. ஐந்து நிமிஷம். பத்து. மயிலாத்தாள் புது பூஸ்டரை எடுத்துக்கொண்டு காரின் பானெட்டுக்குள் குனிந்தாள்.

போன் அடித்தது. கிட்டுசாமியின் போனில் காதுப்பக்கம் கேட்காது. எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அன்றைக்கு அதை மாற்றவேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை.

"ஹலோ, டாக்சிங்களா?" ஒரு பெண் குழந்தையின் குரல்.

"ஆமாங் கண்ணு. ஆரு?"

"டி.வி.யில உங்க காரைக் காட்டுனாங்க. பின்னாடி கண்ணாடியில நம்பர் இருந்துச்சு, நா எழுதி வெச்சுக்கிட்டேன். எங்கம்மாவுக்கும் அந்தப் பொகை வருதுங்க. பத்து மணிக்கும் நாலு மணிக்கும். கேட்டா கொட்டாவின்னு பொய் சொல்றாங்க. இப்பக்கூட வந்துச்சு. அது வியாதியா?"

"இல்லீங் கண்ணு. வியாதியில்ல." அவர் காரின் மேல் கையை ஊன்றினார். "அம்மா பேரு என்னங் கண்ணு?"

"மேகலா டீச்சர்."

கூட்டத்தில் யாரோ "அய்யோ" என்றார்கள். கிட்டுசாமியின் முகம் சிரிக்கிறதா அழுகிறதா என்று அதற்கே தெரியாமல் கோணியது.

"நீங்க ஆரு பேசுறீங்க?"

"நா... உன்ற மாமங் கண்ணு. அம்மாவோட அண்ணன்."

"பொய்," என்றது குழந்தை உடனே. "எங்க மாமா செத்துட்டாரு."

"ஆரு... ஆரு அப்படிச் சொன்னா?"

"அம்மாதான். வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு மாமாவுக்கு எலை போடுவாங்க. மாமா ரொம்ப நல்லவருடி, என்னை விட்டுட்டு இருக்கமாட்டாரு, உசுரோட இருந்தா தேடி வந்திருப்பாருன்னு சொல்லுவாங்க. காக்காவ நாந்தான் கூப்பிடுவேன். கா கா-ன்னு. மூணு வயசுலருந்தே நாந்தான்."

ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாற்பது பேரும் செத்துப்போன கிட்டுசாமியைப் பார்த்தார்கள். கிட்டுசாமி தன் கைகளைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

போனில் தூரத்திலிருந்து ஒரு குரல்: "இதழினி, ஆருகிட்டடி பேசுறே?"

"செத்துப்போன மாமாகிட்டம்மா."

போன் கை மாறுகிற சத்தம். ஒருத்தி மூச்சு விடுவது மட்டும் கேட்டது, சீராக இல்லாமல். தலைவர் தொண்டையைச் செருமப் போனார், பூங்கோதை அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

"அந்தப் பொகைய நிறுத்தச் சொல்லு," என்றாள் மேகலா. அண்ணா என்று சொல்லவில்லை. "ரெண்டாப்பு நடத்தறேன். டீச்சர் பீடி குடிக்கறாங்கன்னு பிள்ளைங்க வீட்டுல சொல்லிட்டு, ஆறு நாளா எல்லாரும் வந்து எட்டிப் பாக்கறாங்க."

"நிறுத்திட்டா," என்றார் கிட்டுசாமி, "நிறுத்திட்டா நீ இருக்கிறயான்னு எனக்கு எப்படித் தெரியும் கண்ணு?"

"கேட்டாத் தெரியும். வாயிருக்குதல்ல உனக்கு? ஒம்போது வருஷமா ஒரு வார்த்தை கேட்டயா?"

பானெட்டுக்குள் மயிலாத்தாளின் ஸ்பேனர் ஒரு தடவை "டங்" என்று விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. கிட்டுசாமி உதட்டை நனைத்துக்கொண்டார், வாயைத் திறந்தார், மூடினார். ஊர் முழுக்க அவர் வாயையே பார்த்தது.

"நல்லா இருக்கறயா மேகலா?"

"இல்ல," என்றாள் அவள். "உக்காந்துக்கோ. சொல்றேன்."

கிட்டுசாமி ஆயில் கறை படிந்த தரையில் அப்படியே உட்கார்ந்தார். டெய்லர் ஆறுச்சாமி உட்கார்ந்தான், தலைமையாசிரியை உட்கார்ந்தாள், வீட்டுக்குப் போகலாமா என்று வாசலைத் திரும்பிப் பார்த்த தலைவர் சென்னியப்பன் அங்கே பூங்கோதை குறுக்கே நிற்பதைக் கண்டு, வேட்டியை மடித்துக்கொண்டு, அவரும் உட்கார்ந்தார்.